வீட்டுக் கோழிக்கு எந்தத் தீன் பாத்திரம்? வாவிக்கரை வளவுகளிலிருந்து வரும் கேள்விகளும் பதில்களும்

மட்டக்களப்பு வாவிக்கரையில், ஆரையம்பதியில் எங்கள் வளவில் இருபது, இருபத்தைந்து கோழிகள் எப்போதும் இருக்கும். பாதி ஊர்க்கோழி, பாதி முட்டைக்காக வாங்கிய கலப்பினம். அயலவர்களும் கொக்கட்டிச்சோலை, களுவாஞ்சிகுடி, கல்முனைப் பக்கத்து உறவினர்களும் என்னிடம் அதிகம் கேட்பது நோயைப் பற்றியோ இனத்தைப் பற்றியோ அல்ல. "தீனை எதில் வைப்பது?" என்பதைத்தான். கோழி வளர்ப்பில் கையை விட்டுப் போகும் பணத்தில் பெரும்பங்கு தீனுக்கே போகிறது. ஆகவே இந்தக் கேள்வியை நான் சிறியதாக நினைப்பதில்லை.

எங்கள் பெத்தம்மா முற்றத்தில் எறிந்துதானே கோழி வளர்த்தார். பாத்திரம் எதற்கு?

பெத்தம்மா எறிந்தது நெல்லும் குறுணலும். மணியைப் பொறுக்கவே அமைந்தது கோழியின் அலகு. மணலில் விழுந்த ஒரு நெல்லைக்கூட அது விடாது. இன்று நாம் கடையில் வாங்குவது அரைத்த தீன். அதில் சோளத் துணிக்கை இருக்கிறது, தவிடு இருக்கிறது, மீன்தூள் இருக்கிறது, கண்ணுக்குத் தெரியாத அளவில் உப்புச்சத்தும் உயிர்ச்சத்தும் இருக்கின்றன. இதை எழுவான்கரையின், அதாவது வாவிக்குக் கிழக்கே கடலோரப் பக்கத்தின், பொருபொருத்த மணலில் எறிந்தால் கோழி சோளத்தை மட்டும் பொறுக்கிக்கொள்ளும். விலை கூடிய தூள் மணலோடு மணலாகிவிடும். எஞ்சியதன் மேல் எச்சம் விழும், ஈரம் படும். குஞ்சுகளுக்கு வரும் இரத்தக் கழிச்சலும் குடற்புழுவும் எச்சம் பட்ட தீனின் வழியாகத்தான் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகின்றன.

அதனால் நான் இரண்டையும் செய்கிறேன். தூள் தீன் பாத்திரத்தில். பின்னேரம் ஒரு கை நெல் அல்லது குறுணல், கூட்டிப் பெருக்கிய காய்ந்த நிலத்தில். கிளறித் தின்பது கோழிக்கு மகிழ்ச்சி. அதை முற்றாகப் பறிக்கக் கூடாது.

உண்மையிலேயே அவ்வளவு வீணாகிறதா?

நீங்களே அளந்து பாருங்கள். ஒரு பழைய உரப்பையைப் பிரித்து, கழுவிக் காயவைத்து, பாத்திரத்தின் கீழ் விரித்துவிடுங்கள். பின்னேரம் அதில் சிந்தியதைச் சேர்த்து, எச்சத்தைப் பொறுக்கி எறிந்துவிட்டு நிறுத்துப் பாருங்கள். பன்னிரண்டு கோழிகளுக்கு நான் முதன்முதலில் இப்படி அளந்தபோது ஒரே நாளில் 300 கிராம் சிந்தியிருந்தது. பாத்திரத்தை விளிம்பு வரை நிரப்பி நிலத்தில் வைத்திருந்தேன். அதே பாத்திரத்தை இரண்டு செங்கல் உயரத்துக்குத் தூக்கி, பாதி மட்டும் நிரப்பிய மறுநாள் ஒரு பிடி கூடச் சேரவில்லை. பாத்திரமும் மாறவில்லை, கோழியும் மாறவில்லை.

ஒரு கோழிக்கு எவ்வளவு தீன், எவ்வளவு இடம்?

முட்டையிடும் கலப்பினக் கோழி நாளொன்றுக்கு 100 முதல் 120 கிராம் வரை தின்னும். வெளியில் மேய்ந்து புழு, பூச்சி, புல் தின்னும் ஊர்க்கோழிக்கு, மேய்ச்சல் நன்றாக இருந்தால், அதில் பாதி போதும். பால்பேணியால் அளப்பவர்கள் ஒரு தடவை தமது தீனை ஒரு பேணி நிரப்பி நிறுத்து வைத்துக்கொள்ளுங்கள். தவிடு கூடிய தீனுக்கும் சோளம் கூடிய தீனுக்கும் நிறை வேறுபடும்.

பத்துக் கோழிக்கு நாளுக்கு 1.1 கிலோ என்று வைத்தால் மாதம் 33 கிலோ. அதில் ஐந்தில் ஒரு பங்கு சிந்தினால் 6.6 கிலோ, அதாவது ஆறு நாள் தீன் மண்ணுக்குப் போகிறது.

இடம் என்றால், நீளமான தொட்டியில் வளர்ந்த கோழி ஒன்றுக்கு 10 சென்ரிமீற்றர் வேண்டும். இரு பக்கமும் நின்று தின்னலாம் என்பதால் பத்துக் கோழிக்கு அரை மீற்றர் நீளத் தொட்டி போதும். வட்டப் பாத்திரத்தில் ஒன்றுக்கு 4 முதல் 5 சென்ரிமீற்றர் விளிம்பு போதும், ஏனென்றால் உடல்கள் விசிறி போல வெளிப்புறம் விரிந்து நிற்கும். 40 சென்ரிமீற்றர் அகலமுள்ள தட்டின் சுற்றளவு ஏறத்தாழ 125 சென்ரிமீற்றர். இருபத்தைந்து கோழிகள் நெருக்கடியில்லாமல் தின்னலாம்.

பாத்திரத்தை எந்த உயரத்தில் வைக்க வேண்டும்?

கோழி இயல்பாக நிற்கும்போது அதன் முதுகு எந்த மட்டத்தில் இருக்கிறதோ, பாத்திரத்தின் விளிம்பு அந்த மட்டத்தில் இருக்க வேண்டும். எந்தப் பாத்திரம் வாங்கினாலும், எதைச் செய்தாலும் இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

காரணத்தை அருகில் குந்தியிருந்து பார்த்தால் விளங்கும். தாழ்ந்த பாத்திரத்தில் கோழி தலையைக் குனிந்து, அலகைப் பக்கவாட்டில் வீசி, தனக்குப் பிடித்த சோளத் துண்டைத் தேடும். ஒவ்வொரு வீச்சுக்கும் தூள் வெளியே பறக்கும். பிறகு ஒரு காலை உள்ளே வைத்துக் கிளறும். விளிம்பு முதுகு மட்டத்தில் இருந்தால் கழுத்தை நீட்டித்தான் தின்ன முடியும். அலகை வீச இடமில்லை, காலை உள்ளே வைக்கவும் முடியாது. வாயிலிருந்து உதிர்வதும் பாத்திரத்துக்குள்ளேயே விழும்.

இதனால்தான் கட்டித் தொங்கவிடும் பாத்திரத்தை நான் விரும்புகிறேன். கயிற்றில் இரண்டு முடிச்சுப் போட்டு வைத்தால், குஞ்சு வளர வளர வாரம் ஒரு தடவை ஏற்றிக்கொள்ளலாம். பெரிய கோழியும் சிறியதும் கலந்து நிற்கும் கூட்டில் சிறியதன் முதுகையே அளவாக எடுங்கள். பெரியது கொஞ்சம் சிந்தினாலும் பரவாயில்லை, சிறியது பட்டினி கிடக்கக் கூடாது.

நிரப்பும் அளவும் இதோடு சேர்ந்ததுதான். திறந்த தொட்டியை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நிரப்ப வேண்டாம். அதற்குப் பதிலாகக் காலையும் மாலையுமாக இரு தடவை போடுங்கள்.

கடையில் வாங்குவதென்றால் எதைப் பார்த்து வாங்குவது?

சிவப்புத் தட்டும் வெள்ளை உருளையுமாகத் தொங்கும் பிளாஸ்டிக் பாத்திரம் எல்லா ஊரிலும் கிடைக்கிறது. வாங்கும்போது தட்டின் விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள். உட்பக்கம் மடிந்திருந்தால் நல்லது. தீனை அலகால் வெளியே இழுக்கவிடாமல் அந்த மடிப்புத் தடுக்கும். தட்டுக்கு மேல் கம்பிச் சட்டமோ பிரிப்புத் தடுப்போ இருந்தால் இன்னும் நல்லது. உருளைக்கும் தட்டுக்கும் இடையிலான இடைவெளியைக் கூட்டிக் குறைக்க முடிகிறதா என்றும் பாருங்கள். தூள் தீனுக்கும், சிறு உருளைகளாக அழுத்திய குளிசைத் தீனுக்கும் ஒரே இடைவெளி சரிவராது.

மெல்லிய பிளாஸ்டிக்கை வெயிலில் தொங்கவிட்டால் ஓராண்டில் வெடிக்கும். நிழலில் வைத்தால் பல ஆண்டு வரும். தகரத் தொட்டி வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் நன்றாக உழைக்கும். கல்லடி, காத்தான்குடி, திருக்கோவில் போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்று அதைச் சீக்கிரம் துருப்பிடிக்க வைத்துவிடும். துருப்பிடித்த ஓரம் கோழியின் தாடையைக் கிழிக்கும்.

வீட்டில் இருக்கும் வாளியில் செய்யலாமா?

தாராளமாகச் செய்யலாம். என் கூட்டில் இப்போது தொங்குவதும் அதுதான். மூடியுள்ள 10 லீற்றர் வாளி ஒன்றும், அதன் அடியைவிட 12 முதல் 15 சென்ரிமீற்றர் அகலம் கூடிய பிளாஸ்டிக் தாம்பாளம் அல்லது ஆழமான தட்டு ஒன்றும் வேண்டும். உணவுப் பொருள் வந்த வாளியாக இருந்தால் மிக நல்லது. பூச்சிமருந்து அல்லது பெயின்ட் இருந்த வாளி எவ்வளவு கழுவியிருந்தாலும் வேண்டாம். அந்தக் கோழியின் முட்டையைத்தான் பிள்ளைகள் சாப்பிடுகிறார்கள்.

வாளியின் பக்கச் சுவரில், அடியோடு ஒட்டி, நான்கு துளைகள் வெட்டுங்கள். ஒவ்வொன்றும் 4 முதல் 5 சென்ரிமீற்றர் அகலம் இருக்கட்டும். சூடாக்கிய கத்தியால் வெட்டுவது எளிது, ஆனால் வெளியில், காற்றுப் படும் இடத்தில் செய்யுங்கள். புகை கெட்டது. வெட்டிய ஓரங்களை அரத்தாளால் தேய்த்து, உங்கள் விரலையே ஓட்டிப் பாருங்கள். விரலைக் கீறாத ஓரம் கொண்டையையும் கீறாது.

அடுத்து வாளியைத் தட்டின் நடுவில் வைத்து இரண்டு போல்ட் பூட்டுங்கள். பூட்டுமுன் பெரும்பாலானோர் தவறவிடும் ஒரு வேலை இருக்கிறது. வாளியின் உள்ளே, அடியின் நடுவில், ஒரு பெரிய சிரட்டையைக் கவிழ்த்து வைத்து அதே போல்ட்டால் இறுக்குங்கள். சிரட்டையின் மேடு தீனைத் துளைகளை நோக்கிச் சரிய வைக்கும். அது இல்லாவிட்டால் நடுவில் ஒரு பிடி தீன் எப்போதும் தங்கி நின்று பழையதாகி, கட்டிபட்டு, கடைசியில் பூஞ்சணம் பிடிக்கும்.

தட்டின் விளிம்பு ஏழு, எட்டு சென்ரிமீற்றர் உயரம் இருக்க வேண்டும். தாழ்ந்த தட்டுத்தான் கிடைத்தது என்றால், பழைய குழாயை நீளவாக்கில் பிளந்து விளிம்பின் மேல் செருகிவிடுங்கள். உட்பக்க மடிப்பும் கிடைக்கும், உயரமும் கூடும். பிறகு நைலோன் கயிற்றால் கொட்டிலின் வளையில் தொங்கவிடுங்கள். தும்புக்கயிறு மாரியில் உக்கிப்போகும்.

மூடியைக் கூம்பாக்க முடியுமானால் ஆக்குங்கள். தட்டையான மூடியில் கோழி ஏறி நிற்கும், எச்சமிடும். நான் ஓர் அகன்ற பிளாஸ்டிக் புனலைக் கவிழ்த்துக் கட்டியிருக்கிறேன்.

பிவிசி குழாயில் செய்தது அழகாக இருக்கிறதே. அது எப்படி?

4 அங்குலக் குழாயை நிமிர்த்திக் கட்டி, அடியில் வளைவு இணைப்புப் பூட்டி, மேலே மூடி போடுவது. மழை உள்ளே போகாது, எலி ஏறுவது கடினம், சுவரோடு ஒட்டி நிற்பதால் இடமும் பிடிக்காது. 70 சென்ரிமீற்றர் உயரக் குழாய் மூன்று கிலோவுக்கு மேல் கொள்ளும்.

ஆனால் இரண்டு குறைகள் உண்டு. தூள் தீன் குழாயில் ஈரம் பட்டதும் பாலம் போல இறுகி நின்றுவிடும். மேலே நிறைய இருக்கும், கீழே கோழி வெறும் வாயைக் கொத்திக்கொண்டிருக்கும். வேலைக்குப் போகும் வீட்டில் இது மாலை வரை தெரியாது. குளிசைத் தீன் போடுபவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. மற்றது, ஒரு வாயில் ஒரு நேரத்தில் ஒரு கோழிதான் நிம்மதியாகத் தின்னும், மிஞ்சினால் இரண்டு. ஆறு கோழிக்கு மூன்று குழாய் வையுங்கள். ஒன்றை வைத்துவிட்டுக் காத்திருக்கச் சொன்னால் பலமானது மட்டும்தான் கொழுக்கும்.

குழாய் மிச்சமிருந்தால் அதை நீளவாக்கில் பாதியாக அறுத்துத் தொட்டியாக்கலாம். மேலே நீளத்துக்கு ஒரு தடியை, இரு முனையிலும் ஆணியில் சுழலும்படி பொருத்துங்கள். கோழி ஏறினால் தடி உருண்டு இறக்கிவிடும். இரண்டு நாளில் ஏறுவதையே விட்டுவிடும்.

தாய்க்கோழியோடு திரியும் குஞ்சுகளுக்கு எப்படித் தீன் வைப்பது?

குஞ்சு பொரித்த முதல் இரண்டு மூன்று நாளைக்குப் பாத்திரமே வேண்டாம். முட்டை அட்டையிலோ பழைய பத்திரிகையிலோ தூவுங்கள். அலகு பட்டதும் எழும் சத்தத்தில் ஒன்று கொத்த மற்றதும் கொத்தப் பழகும். பிறகு ஒரு தாழ்ந்த தட்டு.

தொல்லை தாயால்தான் வரும். குஞ்சுக்குக் காட்டிக் கொடுக்கவென்று தட்டில் காலை வைத்துக் கிளறி எல்லாவற்றையும் கொட்டிவிடும், விலை கூடிய குஞ்சுத்தீனைத் தானும் தின்றுவிடும். இதற்கு வாவிக்கரை வீடுகளில் ஒரு கைமருந்து கிடக்கிறது. மீன் பிடிக்கும் பழைய கரப்பைக் கவிழ்த்து, அதனுள்ளே தட்டை வையுங்கள். குச்சிகளுக்கு இடையில் ஐந்து ஆறு சென்ரிமீற்றர் இடைவெளி விடும்படி ஒன்றிரண்டைக் கழற்றிவிட்டால் குஞ்சு உள்ளே போகும், தாய் வெளியே நிற்கும். முதல் நாள் தாய் கரப்பைச் சுற்றிச் சுற்றி நடக்கும். அதற்கும் பக்கத்தில் ஒரு சிரட்டையில் கொஞ்சம் குறுணல் வைத்துவிடுங்கள், அமைதியாகிவிடும். மேலே ஒரு கல் வைக்க மறக்க வேண்டாம். கரப்புக்குள் இருக்கும்போது காகமும் பருந்தும் குஞ்சைத் தூக்க முடியாது என்பது கூடுதல் ஆறுதல்.

இரவில் எலி வருகிறது. பாத்திரத்தை மாற்ற வேண்டுமா?

முதலில் நேரத்தை மாற்றுங்கள். கோழி இருட்டில் தின்னாது. ஆகவே இரவு முழுவதும் பாத்திரத்தில் இருக்கும் தீன் எலிக்கும் அகழானுக்கும் வைத்த படையல். அடைந்ததும் பாத்திரத்தை எடுத்து வீட்டுக்குள் வையுங்கள், விடிய வெளியே வையுங்கள். நான்கைந்து இரவுக்குள் எலி நடமாட்டம் குறைவதைக் காண்பீர்கள்.

இதில் நான் கண்டிப்பாக இருப்பதற்குக் காரணம் உண்டு. எலியைத் தேடிச் சாரையும் நாகமும் வரும். வயல் சூழ்ந்த நமது ஊர்களில் எலிக்காய்ச்சலும் உயிரெடுக்கும் நோய். அது எலியின் சிறுநீரால் பரவுகிறது. கூட்டைக் கூட்டிப் பெருக்குவது பெரும்பாலும் அம்மாக்களும் பிள்ளைகளும், அதுவும் வெறுங்காலோடு.

மூட்டைத் தீனை மூடியுள்ள பிளாஸ்டிக் பரலில் வையுங்கள். பையை எலி ஓர் இரவில் துளைத்துவிடும்.

காகமும் புறாவும் பாதியைத் தின்றுவிடுகின்றன.

பாத்திரத்தைத் திறந்த முற்றத்திலிருந்து கொட்டிலுக்குள் மாற்றுங்கள். கொட்டில் இல்லையென்றால் நான்கு கம்பு நட்டு, மேலே கிடுகு போட்டு, சுற்றிப் பழைய மீன்வலையை இறுக்கிக் கட்டி, கோழி குனிந்து போகும் அளவில் ஒரு வாசல் விடுங்கள். வலை தொய்வாக இருக்கக் கூடாது, காலில் சிக்கினால் கோழி தன்னைத்தானே முறித்துக்கொள்ளும். காட்டுப்பறவைகள் வந்து தின்பதால் தீன் மட்டும் போவதில்லை. இராணிக்கெட் போன்ற நோய்களும் அவற்றோடு வரக்கூடும். அதற்குரிய தடுப்பூசியைப் பற்றி உங்கள் பிரதேசக் கால்நடை வைத்திய அலுவலகத்தில் கேளுங்கள்.

மாரியில் தீன் நனைந்து கட்டிபட்டுவிட்டது. காயவைத்துப் போடலாமா?

போடக் கூடாது. இந்தப் பதிலை நான் எழுதும் ஒவ்வொரு தடவையும் மனம் கனக்கிறது.

ஐப்பசியிலிருந்து தை வரை வடகீழ்ப் பருவமழை நமக்கு ஆண்டு மழையின் பெரும்பகுதியைக் கொட்டிவிடும். காற்றே ஈரமாக இருக்கும். சோளத்திலும் புண்ணாக்கிலும் கச்சானிலும் (நிலக்கடலை) அந்த ஈரத்தில் ஒருவகைப் பச்சை மஞ்சள் பூஞ்சணம் வளரும். அது அஃப்ளாடொக்சின் என்ற நஞ்சை உண்டாக்கும். 1960ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஒரு லட்சம் அளவில் வான்கோழிகள் செத்து விழுந்தபோதுதான் இந்த நஞ்சை உலகம் அறிந்தது. பூஞ்சணம் பிடித்த கச்சான் புண்ணாக்கு அவற்றின் தீனில் கலந்திருந்தது. வெயிலில் காயவைத்தால் பூஞ்சணம் சாகும், நஞ்சு சாகாது. அவித்தாலும் போகாது. அது ஈரலைத் தாக்கும். குஞ்சும் வாத்தும் முதலில் விழும்.

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு மார்கழியில், மூட்டையின் அடியில் கட்டிபட்டிருந்த இரண்டு கிலோவை எறிய மனமில்லாமல் உதிர்த்து, காயவைத்து, விடைகளுக்கு, அதாவது முட்டைக்கு வராத இளம் பேடுகளுக்கு, போட்டேன். ஒரு வாரத்தில் அவை தின்பதைக் குறைத்தன, இறக்கை தொங்கியது, நான்கு செத்தன. மிச்சம் பிடித்த தீனின் விலை ஒரு கோழியின் கால்பங்குக்கும் வராது.

பூஞ்சணத் தீனை மாட்டுக்கோ ஆட்டுக்கோ கொடுக்கவும் வேண்டாம். பசு தின்றால் நஞ்சின் ஒரு பங்கு பாலில் இறங்கும். குழி தோண்டிப் புதையுங்கள்.

வராமல் தடுப்பதுதான் வழி. மாரியில் இரு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் வாங்குங்கள். மூட்டையைச் சுவரில் சாத்தாமல் பலகையின் மேல் வையுங்கள். புதிய தீனைப் பழையதன் மேல் கொட்டாமல், பாத்திரம் வெறுமையான பின் துடைத்துவிட்டு நிரப்புங்கள். 2011 ஜனவரி வெள்ளத்தைக் கண்டவர்களுக்கு, தண்ணீர் வரும் ஊரில் தீன் பரலை எந்த உயரத்தில் வைக்க வேண்டும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

சம்மாந்துறை, அக்கரைப்பற்று ஆலைகளில் மலிவாகக் கிடைக்கும் தவிட்டுக்கும் இதே கவனம் வேண்டும். தவிட்டில் எண்ணெய்ச் சத்து இருப்பதால் நம் வெப்பத்தில் சில வாரங்களில் காறிப்போகும். முகர்ந்து பார்த்துக் கசந்த வாசனை வந்தால் வாங்காதீர்கள்.

கச்சான் காற்று (வெப்பமான தென்மேல் காற்று) வீசும் காலத்தில் கோழி தின்பதே இல்லை. பாத்திரத்தில் பிழையா?

பாத்திரத்தில் பிழையில்லை, நேரத்தில்தான். நண்பகலில் கோழி வாயைத் திறந்து மூச்சு வாங்கும்போது தீனைத் தொடாது. விடியற்காலையில் வெளிச்சம் வரும்போதே தீன் தயாராக இருக்கட்டும், மீதியை நான்கு மணிக்குப் பின் வையுங்கள். பாத்திரம் காற்றுக்கு மறைவாக இருக்கட்டும். அந்தக் காற்று தூளை அள்ளிக்கொண்டு போய்விடும்.

தண்ணீரைத் தீனிலிருந்து ஒரு மீற்றராவது தள்ளி, நிழலில் வையுங்கள். அருகருகே வைத்தால் அலகில் ஒட்டிய தீன் தண்ணீரில் விழுந்து புளிக்கும், அலகுத் தண்ணீர் தீனை நனைக்கும். சாதாரண நாளில் கோழி தின்னும் தீனைப்போல் இருமடங்கு நிறையில் தண்ணீர் குடிக்கும். கச்சான் காலத்தில் அதைவிடக் கூட.

சிப்பித்தூளைத் தீனோடு கலந்துவிடலாமா?

தனிப் பாத்திரத்தில் வையுங்கள். ஒரு சிரட்டையைக் கம்பத்தில் ஆணியடித்தால் போதும். முட்டையிடும் பேடு தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளும். எல்லோருக்கும் பொதுவாகக் கலந்தால், இன்னும் முட்டைக்கு வராத விடைகளுக்குச் சுண்ணாம்புச்சத்து மிஞ்சி, சிறுநீரகம் கெடும். வாவியில் பொறுக்கிய மட்டி ஓட்டைக் கழுவிக் காயவைத்து இடித்தும் வைக்கலாம். முட்டை ஓடென்றால் நன்றாகக் காயவைத்து நொறுக்குங்கள். ஓட்டின் உருவம் தெரிந்தால் முட்டையையே கொத்தப் பழகிவிடும்.

ஒரு கோழியை மற்றவை தின்னவிடாமல் துரத்துகின்றன.

கோழிகளுக்குள் யார் மூத்தவர், யார் இளையவர் என்ற வரிசை உண்டு. அதை நம்மால் அழிக்க முடியாது. ஆனால் ஒரே பாத்திரத்தை வைத்து அந்த வரிசைக்குக் காவல் செய்யாமல் இருக்க முடியும். இரண்டாவது பாத்திரம் ஒன்றை, முதலாவது பார்வையில் படாத இடத்தில் வையுங்கள். கூட்டின் மறுபக்கம், ஒரு வாழைக்குப் பின்னால். மூத்த கோழி இரண்டையும் ஒரே நேரத்தில் காக்க முடியாது.

ஏறாவூரிலிருந்து ஒரு ராத்தா, தன் புள்ளிக்கோழி முட்டையை நிறுத்திவிட்டது, நோயாக இருக்குமோ என்று கேட்டார். நெஞ்செலும்பைத் தடவிப் பார்க்கச் சொன்னேன். "கத்தி முனை மாதிரி இருக்கிறது, தங்கச்சி" என்றார். அது பசி. ஒரு பழைய தாச்சியை மறைவான மூலையில் வைக்கச் சொன்னேன். மூன்று வாரம் கழித்து மறுபடி முட்டை வந்தது என்று சொன்னபோது இருவருக்கும் மகிழ்ச்சி.

மிதித்தால் மூடி திறக்கும் பாத்திரம் நல்லதா?

எலிக்கும் காகத்துக்கும் மிகச் சிறந்த தடுப்பு. பழக ஒரு வாரம் எடுக்கும். அதுவரை மூடியைத் திறந்தபடி கட்டி வையுங்கள். குஞ்சுகள் திரியும் வளவில் மட்டும் வேண்டாம். தாய் மிதித்துத் திறக்கும்போது குஞ்சு உள்ளே போய், தாய் இறங்கியதும் மூடி விழும்.

வாத்தும் கோழியும் ஒரே பாத்திரத்தில் தின்னலாமா?

பிரித்து வைப்பது நல்லது. வாத்து ஒரு வாய் தீனுக்கு ஒரு வாய் தண்ணீர் எடுக்கும். அது தொட்ட பாத்திரம் அரை மணியில் கூழாகிவிடும்.

மிஞ்சிய சோற்றை இதே பாத்திரத்தில் போடலாமா?

வேண்டாம். அகன்ற வேறு தட்டில் போட்டு, அரை மணி நேரத்தில் தின்று முடிக்கும் அளவு மட்டும் வைத்து, தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிடுங்கள். கருவாட்டுக் கழிவு போடுபவர்கள் உப்பைக் கழுவி நீக்கிவிட்டுப் போடுங்கள். மிஞ்சிய உப்பு கோழியைக் கொல்லும்.

எல்லாம் செய்தாயிற்று. எல்லாக் கோழியும் வயிறு நிறையத் தின்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

அடைந்த பின், இருட்டில் கூட்டுக்குள் மெல்லப் போங்கள். உறங்கும் கோழி கையை எதிர்க்காது. கழுத்தின் அடியில், நெஞ்சுக்கு மேல், சற்று வலப்பக்கமாக விரல்களை வையுங்கள். தீன்பை அங்கேதான் இருக்கிறது. நிறையத் தின்ற கோழியில் அது ஒரு சிறிய எலுமிச்சையைவிடப் பெரிதாக, மெத்தென்று கைக்குள் வரும். வெறுமையாக இருந்தால் தோல்தான் அகப்படும். அந்தக் கோழியை நினைவில் வைத்து, மறுநாள் காலை அது பாத்திரத்துக்கு வரும்போது யார் துரத்துகிறார்கள் என்று பாருங்கள்.

விடியற்காலையில் தீனுக்கு முன் மீண்டும் தடவிப் பாருங்கள். அப்போது எல்லாத் தீன்பையும் வெறுமையாக இருக்க வேண்டும். ஒன்றில் மட்டும் இரவு இருந்த கட்டி அப்படியே கல்லுப்போல நின்றால், அல்லது தண்ணீர்ப் பைபோலத் தளும்பி வாயிலிருந்து புளித்த வாடை வந்தால், அன்று அதற்குத் தீன் வைக்காமல் தண்ணீர் மட்டும் கொடுத்துத் தனியாக அடைத்து, கால்நடை வைத்தியரிடம் காட்டுங்கள்.